தட்டு வைத்து அழைத்த கச்சேரி

நவமணிக்கு நல்ல குரல் என்பது பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் அந்தக் குரலை உட்கார்ந்து கேட்டவர்கள் என்று யாரும் கிடையாது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் பாடும்போது ஆண்கள் வெளியே வெயிலில் நிறுத்திய காடியை நிழலுக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் முன்வரிசைக்காரியின் புடவைக்கு மனசுக்குள் விலை போட்டுக்கொண்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் பாடினால் பந்தி நடக்கும். சாவு வீட்டில் பாடினால் ஒப்பாரி நடக்கும். கட்டிய புருஷன் ராஜுகூட அவள் பாட ஆரம்பித்தால் தூங்கிவிடுவான். "உன் குரல் அப்படி, தாலாட்டு மாதிரி" என்று அதற்கொரு சமாதானமும் வைத்திருந்தான்.

பசார் பக்கம் ஒரு கடையில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துப் பிழைக்கிறவள் நவமணி. முப்பது வருஷமாகக் கோயிலில் பாடுகிறாள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பாட்டை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நாலு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். இதுதான் அவளுடைய ஆசை. மற்றவர்கள் வீடு, வாசல், நகை என்று ஆசைப்படுவார்கள். அவற்றையாவது தவணை முறையில் வாங்கலாம். இதை எங்கே போய் வாங்குவது?

இந்த நிலைமையில்தான் ஜெயந்தன் வந்து சேர்ந்தான். ரவாங்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. கோலாலம்பூரில் கணக்காய்வாளர் உத்தியோகம், கைநிறையச் சம்பளம், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பியானோ பிறப்பதற்கு முன்னால் ஐரோப்பாவில் வாசித்தார்களே, பேரோக் என்கிற அந்தப் பழங்கால இசைப் பைத்தியம். அதற்கென்றே ஹார்ப்சிகார்ட் என்று ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தான். பார்ப்பதற்கு இளைத்துப்போன பியானோ. தட்டினால் வீணையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல் ஒரு சத்தம். கோலாலம்பூரில் ஏசி மண்டபத்தில் வாசித்து அலுத்துப்போய், அந்த இசையை அது பிறந்த இடமான கோயில்களிலேயே வாசிக்கவேண்டும், அதுவும் நம் பக்கத்துச் சின்னச் சின்ன மாதா கோயில்களில் வாசிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டான். வெள்ளிக்கிழமை கோல சிலாங்கூர், சனிக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாய், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் பழைய தோட்டத்துக் கோயில். மூன்று நாள், மூன்று கச்சேரி.

அவன் கோயிலைப் பார்க்க வந்த அன்று நவமணி தனியாகத் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். ஜெயந்தன் கதவோரம் நின்று இரண்டு வரி கேட்டான். மூன்றாவது வரியில் அவனுடைய கைப்பேசி அடித்துவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு வரியிலேயே முடிவு செய்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் ஒரு லத்தீன் பாட்டு, பெயர்கூடத் தெரியாத ஒரு கன்னியாஸ்திரீ நானூறு வருஷத்துக்கு முன்னால் மடத்துக்குள் உட்கார்ந்து எழுதியது, அதை நவமணி அக்காதான் பாடவேண்டும் என்று சொல்லிவிட்டான். அவள் நாலு மாதம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அதைப் பாடிப் பழகினாள். அந்த நாலு மாதமும் தைத்த ரவிக்கைகள் எல்லாம் கொஞ்சம் இறுக்கமாகவே வந்தன என்று ஊரில் ஒரு பேச்சு.

வெள்ளிக்கிழமை கோல சிலாங்கூரில் வந்த கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பது நல்லது. ஃபாதர் வந்தார், ஃபாதருடைய டிரைவர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் வந்தார்கள், மீன் சாப்பிட வந்த ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கியது. மழை விட்டதும் மீன் குடும்பம் போய்விட்டது. சனிக்கிழமை காலை பத்தாங் பெர்ஜுந்தாயில் அதுவும் இல்லை. எதிர்க் கிளினிக்கில் தன் எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார இடம் தேடிய ஒரு கிழவர் மட்டும் ரொம்ப உற்சாகமாகக் கை தட்டினார். அவரையும் பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கச்சேரி முடிந்ததும் ஜெயந்தன் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே அவனுடைய கூட்டாளிகள் இருவரும் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வயலின்காரர் லிம். மற்றவள் நெதர்லாந்திலிருந்து வந்த சாஸ்கியா. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய பிடில் போன்ற ஒன்றை வாசிப்பவள்.

"நாளைக்கு வேணாம் அக்கா," என்றான் ஜெயந்தன். "கேன்சல் பண்ணிடலாம். டவுன்லயே ஆள் வரலே. அந்த எஸ்டேட்டுக்குள்ள யார் வருவா? வௌவால்தான் வரும்."

நவமணி அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவள் பாட்டு நாளைக்குத்தான். நாளை இல்லையென்றால் பிறகு எப்போதும் இல்லை. இந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனால் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்.

"ஆள் வந்தா வாசிப்பீங்களா தம்பி?"

"வந்தா ஏன்க்கா வாசிக்க மாட்டேன்? எங்கேருந்து வரும்? போஸ்டர் ஒட்டினேன். ஃபேஸ்புக்ல போட்டேன். எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் அனுப்பினேன்."

"தட்டு வெச்சீங்களா?"

"என்ன தட்டு?"

கணக்காய்வாளருக்கு எல்லாக் கணக்கும் தெரியும், இது தெரியாது. இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு விஷயம் தெரியவருவது வேறு, அதற்கு அழைக்கப்படுவது வேறு. வாட்ஸ்அப்பில் வருவது செய்தி. புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டை நீட்டி, "அவசியம் குடும்பத்தோட வந்துடணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வுபெற்ற சோமு, சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குத் தட்டு வைக்க மறந்துவிட்டார்கள் என்பதற்காக, மண்டபத்துக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி எழுந்து வீட்டுக்குப் போனவர். அப்படிப்பட்ட ஊரில் போஸ்டர் ஒட்டினானாம் போஸ்டர்.

"நாளைக்கு நீங்க பெட்டியை மட்டும் கொண்டாந்து எறக்குங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்," என்று நவமணி வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ராஜுவை எழுப்பி, வெள்ளைச் சட்டை போடவைத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றினாள். பின்னால் அவள், மடியில் எவர்சில்வர் தட்டு. முதல் வீடாக விமலாவிடம் போனாள். விமலா பசார் மூலையில் அழகு நிலையம் வைத்திருப்பவள். புருவம் திருத்தும்போது யாரும் எழுந்து ஓட முடியாது அல்லவா. ஊர்ச் செய்தி முழுக்க அவள் கையில்தான்.

தட்டைப் பார்த்ததும் விமலாவுக்குக் கண் விரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். "யாருக்குக் கல்யாணம் அக்கா? உங்களுக்குத்தான் புள்ளைங்க எல்லாம் கட்டிக்கிட்டுப் போயாச்சே?"

"நாளைக்குக் காலையில பதினோரு மணி. தோட்டத்து மாதா கோயில்ல. குடும்பத்தோட வந்துடணும்," என்று நவமணி கைப்பேசியில் இருந்த போஸ்டரைக் காட்டினாள்.

இங்கே அந்தப் போஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். நடுவில் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக ஜெயந்தன். பக்கத்தில் தரைவரை வெள்ளை கவுன் போட்ட சாஸ்கியா. இருவருக்கும் பின்னால் சிலுவை வைத்த கோயில். ஓரத்தில் சிரித்தபடி லிம். கீழே தேதி, நேரம், இடம். அவ்வளவும் இங்கிலீஷ். விமலா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒருதடவை தட்டைப் பார்த்தாள். ஒருதடவை நவமணியைப் பார்த்தாள்.

"அட கடவுளே! ரவாங் வாகீஸ்வரி அம்மா மவன் தானே? வெள்ளைக்காரிய கட்டிக்கிறாரா? அதான் சத்தமில்லாம காட்டுக்குள்ள போய் வெச்சிருக்காங்களா? அந்த அம்மாவுக்குத் தெரியுமா அக்கா?"

உண்மை நவமணியின் நாக்கு நுனிவரை வந்தது. 'கல்யாணம் இல்லடி, கச்சேரி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதற்குள் விமலா, "நான் வந்துடறேன் அக்கா, கடைய மூடிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டாள். நாக்கு நுனிவரை வந்த உண்மை அப்படியே திரும்பிப் போய்விட்டது. நவமணி சும்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போதும். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தாயிற்று.

அதற்குப் பிறகு நவமணி போன வீடுகளில் எல்லாம் அவளுக்கு முன்னால் செய்தி போய் உட்கார்ந்திருந்தது. அவள் தட்டை நீட்டினால் போதும். கேள்வியையும் அவர்களே கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பொண்ணு டாக்டராமே. மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் இல்லையாமே. லிம்தான் மாப்பிள்ளைத் தோழனாமே.

"பாவம்டி இது," என்றான் ராஜு, தஞ்சோங் காராங் போகும் வழியில் வாய்க்கால் ஓரமாக மோட்டாரை ஓட்டிக்கொண்டே.

"நான் என்னங்க பொய் சொன்னேன்? அவசியம் வரணும்னு சொன்னேன். அது பொய்யா?"

"அவங்க கேட்டதுக்குச் சிரிச்சியே."

"சிரிக்கிறது பாவம்னு எந்த வேதத்துல இருக்கு? ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கடைசியாகத் தோட்டத்துக்குள் சோமு வீட்டுக்கு வந்தார்கள். தட்டு தன் வீட்டுக்கும் வந்ததில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சரியான முறை தெரிஞ்ச பொம்பள நீதான்," என்று பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள யாரு வரவேற்கிறது? நம்ம தோட்டத்துல வந்து எறங்குறாங்க, சும்மா நடந்து வந்தா நமக்கு மரியாதை இல்ல லா."

"எந்த மாப்பிள்ளை மண்டோரே?" என்றாள் நவமணி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

சோமு ஒரு கண்ணைச் சிமிட்டினார். "சரி சரி. ரகசியம். எனக்குப் புரியுது. நீ போ, நான் பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பனைக் காட்டு மண் சாலையில் காடிகள் வரிசையாக வந்தன. வேன் வந்தது, லோரி வந்தது. பட்டுப்புடவையும் மல்லிகையுமாகப் பெண்கள், ஜிப்பா போட்ட ஆண்கள், சட்டைக்குள் கழுத்து வியர்த்த பிள்ளைகள். மாதம் ஒருமுறை பூசை நடக்கும் சின்னப் பலகைக் கோயில் அது. உள்ளே இடம் போதாமல் சன்னல் ஓரமெல்லாம் நாற்காலி போட்டார்கள். ஜெயந்தன் சுருதி சேர்த்துக்கொண்டே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பெட்டிக்கு வெயில் ஆகாது. ஒரு கம்பியை முறுக்கினால் இன்னொன்று இறங்கும்.

"என்னா லா, இவ்வளவு நேரமா டிங் டிங்னு ஒரே பாட்டையே வாசிக்கிறாரு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"மாப்பிள்ளைக்குப் படபடப்பா இருக்கும்," என்று பக்கத்தில் யாரோ பதில் சொன்னார்கள்.

"எப்படிக்கா செஞ்சீங்க?" என்றான் ஜெயந்தன் நவமணியிடம். "பேரோக் மியூசிக்குக்கு இவ்வளவு சனம்! கே.எல்.லகூட நான் பாத்ததில்லே. அதுவும் எவ்வளவு மரியாதையா டிரெஸ் பண்ணிட்டு வந்திருக்காங்க, பாருங்க!"

நவமணி தொண்டையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் வெளியே உறுமி மேளம் இடித்தது. சோமு சொன்னபடி பார்த்துக்கொண்டார். சாஸ்கியா பயந்து வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தாள். என்ன சத்தம் என்று ஜெயந்தன் வாசலுக்கு ஓடினான். நவமணியும் பின்னாலேயே ஓடினாள்.

மேளத்துக்கு நடுவே ரவாங்கிலிருந்து வந்த வேனிலிருந்து வாகீஸ்வரி இறங்கிக்கொண்டிருந்தாள். மயில் நீலப் பட்டு, கழுத்து நிறையச் சங்கிலி, பின்னால் உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் தட்டுகளோடு. மகனுக்குப் பெண் பார்த்துப் பார்த்தே சாதகக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். விமலாவின் செய்தி ரவாங் வரை போயிருந்தது.

ஊருக்கு ஒரு விளையாட்டுக் காட்டலாம், பெற்றவளுக்கு? இதை நவமணி நினைத்தே பார்க்கவில்லை.

"எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே ராசா," என்றாள் வாகீஸ்வரி. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. "ஊர்ச்சனம் சொல்லித்தானே நான் அறியவேண்டிக் கிடந்தது."

ஜெயந்தன் அம்மாவையே பார்த்தான். "சொன்னா வருவீங்களெண்டு நான் நினைக்கேல்லையம்மா."

"வராமல்? உன்ர வாழ்க்கையில இதைவிடப் பெரிய விசயம் வேற என்ன கிடக்கு?"

"உண்மையாவோ அம்மா? உங்களுக்குத்தான் இது பிடிக்காதே."

"எனக்குப் பிடிக்குதோ இல்லையோ, உனக்குப் பிடிச்சிருக்கு. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

ஜெயந்தன் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதே விட்டான். இத்தனை வருஷத்தில் அவனுடைய ஒரு கச்சேரிக்குக்கூட அவள் வந்ததில்லை. அந்தப் பெட்டியை விற்றுவிட்டு ஒரு பெண்ணைப் பார் என்பதுதான் அவளுடைய ஒரே விமர்சனம். அவன் பெட்டியை நினைத்து அழுதான், அவள் சாஸ்கியாவை நினைத்து அழுதாள். உறுமிக்காரர்களும் சூழ்நிலைக்குத் தகுந்தபடி கொஞ்சம் மெதுவாக இடித்தார்கள். இரண்டு அழுகைக்கும் நடுவே நின்ற நவமணிக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

உள்ளே வந்த வாகீஸ்வரி நேராகச் சாஸ்கியாவிடம் போய், அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். விமலா ஏற்கெனவே சாஸ்கியாவின் கூந்தலில் மல்லிகைச் சரம் குத்தி முடித்திருந்தாள். இங்கே இசைக் கலைஞர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று சாஸ்கியா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே இருந்தாள். வாகீஸ்வரி முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். கச்சேரி தொடங்கியது.

தொடங்கியது என்பது மேடையில் இருந்த மூன்று பேருக்கு மட்டுந்தான் தெரியும்.

நம்மவர்கள் கல்யாண வீட்டில் மேளம் கேட்பார்களா? மேளம் அது பாட்டுக்கு முழங்கும், சனம் அது பாட்டுக்குப் பேசும். வந்தவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள், முறைப்படி பேசினார்கள். மூன்று வருஷமாகப் பார்க்காத சித்தப்பா மகனைப் பார்த்து நலம் விசாரித்தார்கள். இந்த வருஷம் செம்பனை விலை என்ன என்றார்கள். பொண்ணு மாப்பிள்ளையைவிட உயரம் என்றார்கள். தாலியா மோதிரமா என்றார்கள். ஃபாதர் எங்கே என்றார்கள். சாஸ்கியாவின் வாத்தியம் இயல்பிலேயே ரகசியம் பேசுவது. அந்த இரைச்சலில் அவள் வெறுமனே ரம்பம் இழுப்பதுபோல் தெரிந்தது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூடமுடியாது என்பதை மூன்று பேரும் ஒரு மணி நேரம் வாசித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்ததை ஓரமாக நின்று நவமணி பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் நிறைந்துவிட்டது. அதனால் என்ன? நேற்றுக் காலையில் அந்தக் கிளினிக் கிழவர் மட்டும் இருந்தபோதாவது ஒரு சத்தமில்லை. கூட்டம் கேட்டாள், கிடைத்தது. காதைக் கேட்க மறந்துபோனாள்.

ராஜு குனிந்தபடி அவளிடம் வந்தான். "சோமு மண்டோர் பந்தி எங்கேன்னு கேக்குறாரு. பின்னாடி போய்ப் பாத்தாராம், அடுப்பே இல்லேங்கிறாரு. என்ன சொல்றது?"

"ஐயோ, நீங்க வேற," என்றாள் நவமணி. சாப்பாட்டைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

அவள் முறை வந்தது. எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஜெயந்தன் தலையசைத்தான். நவமணி கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைத் தொடங்கினாள். நாலு மாதம் மிதித்துப் பழகிய வரி. பாதி வரி போவதற்குள், இரண்டாவது வரிசையில் விமலா பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினாள்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுடி. அக்கா பாடுறாங்க, நீ பேசுறது காதுலயே விழல."

நவமணி நிறுத்திவிட்டாள்.

ஜெயந்தன் இரண்டு சுரம் தனியாகப் போய்விட்டு, அவனும் நிறுத்தினான். அவள் நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். முப்பது வருஷத்துக் கோபம் ஒன்றுசேர்ந்து தொண்டைக்கு வந்தது. பாடும் குரலில் அல்ல, வாடிக்கையாளர் தையல் கூலியைத் தராமல் ஏமாற்றும்போது வருமே, அந்தக் குரலில் கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! இன்னைக்கு இங்க கல்யாணம் இல்ல!"

பேச்சு நின்றது. முன்னாலிருந்து பின்னால்வரை, வரிசை வரிசையாக நின்றது.

"யாரும் யாரையும் கட்டிக்கல. ஜெயந்தன் தம்பிக்கு ஒண்ணுமே தெரியாது. இந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்குச் சுத்தமாத் தெரியாது. கச்சேரிக்குக் கூப்பிட்டா நீங்க வரமாட்டீங்க. அதான் நான் தட்டு வெச்சேன். நீங்களா கல்யாணம்னீங்க, நான் இல்லேன்னு சொல்லல. நான் பாடுறத நீங்க கேக்கணும்னு ஆசைப்பட்டேன். முப்பது வருஷமாப் பாடுறேன், ஒருத்தரும் கேட்டதில்ல. அவ்வளவுதான். என்னைய அடிக்கிறதா இருந்தா பாட்டு முடிஞ்சதும் அடிங்க."

சன்னல் ஓரத்தில் நாற்காலிகூட கிறீச்சிடவில்லை. சோமுவின் வாய் திறந்தபடி நின்றது. வாகீஸ்வரியின் முகத்தை நவமணி பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தது. பால் பொங்குவதற்கு முன்னால் கொஞ்சநேரம் அசையாமல் நிற்கும். இந்தச் சனமும் இப்போது அப்படித்தான் நிற்கிறது. இன்னும் சற்றுநேரத்தில் கோபம் பொங்கி வழியும். அதற்குள் ஒரு பாட்டுக்கு இடம் இருக்கிறது.

"வாசிங்க தம்பி," என்றாள்.

ஜெயந்தன் அவளையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தான். மனசு எங்கோ இருந்தாலும் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே இறங்கின. நவமணி பாடினாள்.

முதலில் குரல் நடுங்கியது. தாயைத் தேடி ஒரு பிள்ளை அழும் பாட்டு அது, நடுங்கினாலும் பொருந்தியது. இரண்டாம் வரியில் நிலைக்கு வந்தது. பலகைச் சுவரும் தகரக் கூரையும் அந்தக் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. தன் குரல் இப்படி இருக்கும் என்று நவமணிக்கே தெரியாது. இதுவரை அதற்கு மேல் எப்போதும் வேறு ஏதாவது சத்தம் இருந்திருக்கிறது. சாஸ்கியாவின் வாத்தியம் கீழே மெதுவாக நடந்து வந்தது, ஒவ்வொரு அடியும் கேட்டது. நவமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடிக்கட்டும், திட்டட்டும், ஊரைவிட்டே தள்ளி வைக்கட்டும். இது போதும் என்று இருந்தது. கடைசி வரியை விட மனசில்லாமல் இழுத்துப் பிடித்து, மூச்சு தீர்ந்ததும் விட்டாள்.

யாரும் கை தட்டவில்லை. கண்ணைத் திறந்தாள். வாகீஸ்வரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவள் நவமணியைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். "அப்ப நீ வெளியில நிண்டு அழுதது, நான் இந்தப் பெட்டிச் சத்தம் கேக்க வந்தனெண்டு நினைச்சோ?"

ஜெயந்தன் தலையைக் குனிந்துகொண்டான். நாற்பதைத் தாண்டிய ஆள், மேடையில், அத்தனை சனத்துக்கு முன்னால், ஆமாம் என்று தலையசைத்தான்.

பின்னால் உறவுக்காரப் பெண்கள் தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்கள். யாரோ குசுகுசுக்கத் தொடங்கினார்கள். வாகீஸ்வரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், குசுகுசுப்பு நின்றது. பட்டுத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள்.

"ஓம். பாட்டுக் கேக்கத்தான் வந்தனான்," என்றாள்.

ஜெயந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வாகீஸ்வரி இப்போதுதான் நவமணியிடம் திரும்பினாள்.

"பிள்ளை, உன்னோட எனக்குப் பிறகு கதை இருக்கு. லேசில விடமாட்டன். இப்ப திரும்பப் பாடு. முதல் தடவை கோவத்தில எனக்குப் பாதி கேக்கேல்லை."

விமலா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் அவள் தொடையில் கிள்ளினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ராஜு மறுபடியும் குனிந்தபடி வந்து நவமணியின் காதருகே நின்றான். "சாப்பாடு இல்லேன்னு சொல்லிடவா?"

"பாட்டு முடியட்டும்ங்க," என்றாள் நவமணி. ஜெயந்தனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து, கொஞ்சமும் அவசரப்படாமல் பாடத் தொடங்கினாள்.